டாக்டர் ஷிக்கும் இரண்டு ஊசிகளும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

மருத்துவ உலகில் அழியாப் புகழ் பெற்றவர்களை எண்ணிப் பார்த்தால், பெரியம்மைக்குத் தடுப்பு கண்ட ஜென்னர், வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட லூயி பாஸ்டர், பெனிசிலின் கண்ட பிளெமிங் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். இவர்கள் எல்லாரும் நோயை விரட்ட ஏதாவது ஒரு பொருளைக் கண்டவர்கள். நான் இங்கே எழுதப் புகும் டாக்டர் பேலா ஷிக் அப்படி எந்த மருந்தையும் கண்டவர் அல்லர். இந்தக் குழந்தைக்கு ஆபத்து உண்டு, அந்தக் குழந்தைக்கு இல்லை என்று பிரித்துக் காட்டும் எல்லைக்கோடு ஒன்றை அவர் வரைந்தார். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோட்டை நம்பித்தான் ஒரு காலத்தில் எத்தனையோ தாய்மார்கள் இரவில் கண் மூடினார்கள்.

எந்த நோய்க்கு அந்தக் கோடு? தொண்டை அடைப்பான் என்று நம்மவர்களும், டிப்தீரியா என்று மருத்துவர்களும் சொல்லும் நோய்க்கு. நம் வயதுப் பெண்களில் பெரும்பாலோர் இந்த நோயைக் கண்ணால் கண்டதில்லை. குழந்தைக்கு முதலில் லேசான காய்ச்சல், தொண்டை வலி. இரண்டொரு நாளில் உள்நாக்கின் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படரும். அது வளர்ந்து மூச்சுக் குழலையே அடைத்துவிடும். அதிலிருந்து தப்பினாலும், கிருமி கக்கிய நஞ்சு இரத்தத்தில் கலந்து இருதயத்தைத் தாக்கும். 1613ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் இந்நோய் பரவியபோது, கழுத்தை நெரித்துக் கொல்லும் தண்டனையின் பெயரையே அந்த ஆண்டுக்கு வைத்துவிட்டார்கள். அரண்மனையும் தப்பவில்லை. விக்டோரியா மகாராணியின் மகள் இளவரசி ஆலிஸ், 1878ஆம் ஆண்டு தன் பிள்ளைகளுக்கு இந்நோய் கண்டபோது அருகிலிருந்து பணிவிடை செய்தார். நான்கு வயது மகள் மேரி இறந்தாள். அடுத்த மாதமே தாயும் அதே நோயால் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 35. அமெரிக்காவில் 1921ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டது. பதினைந்தாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

ஷிக் மருத்துவம் படிக்கத் தொடங்கும் முன்பே இந்நோயைப் பற்றிப் பல உண்மைகள் தெரிந்திருந்தன. 1884இல் லோஃப்லர் கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டினார். 1888இல் பாரிசில் ரூவும் எர்சினும், உயிரைக் கொல்வது கிருமியன்று, அது சுரக்கும் நஞ்சே என்று கண்டனர். 1890இல் பெர்லினில் பேரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும், அந்த நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்ற விலங்கின் இரத்தத்தில் நஞ்சை முறிக்கும் பொருள் உண்டாவதைக் காட்டினர். அதைத்தான் எதிர்நஞ்சு என்கிறோம். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசை 1901இல் பேரிங் பெற்றது இதற்காகவே. குதிரைகளுக்கு நஞ்சை ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து தெளிந்த நீரை (சீரம் என்பார்கள்) எடுத்து, நோயுற்ற குழந்தைகளுக்கு ஊசி வழியே செலுத்தினார்கள். சாகக் கிடந்த குழந்தைகள் பலர் பிழைத்தனர்.

இந்த நிலையில்தான் நம் கதாநாயகர் வருகிறார். பேலா ஷிக் 1877ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், ஹங்கேரி நாட்டில் பாலட்டன் என்னும் பெரிய ஏரியின் கரையிலுள்ள போக்லார் என்ற ஊரில் பிறந்தார். குடும்பம் யூதக் குடும்பம். தந்தை தானிய வியாபாரி. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் அவர் வளர்ந்தார். மகன் மூட்டைகளையும் கணக்குப் புத்தகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனோ மருத்துவப் படிப்பில் சேர்ந்து, 1900ஆம் ஆண்டு கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். (பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்ற வாக்குவாதம் நம் வீடுகளில் மட்டும் நடப்பது என்று எண்ண வேண்டாம்!) 1902இல் வியன்னாவுக்குச் சென்று, குழந்தை மருத்துவத்தில் பெயர் பெற்ற எஷரிக் என்பவரிடம் பணியில் அமர்ந்தார். நம் குடலில் வாழும் ‘ஈ கோலை’ என்ற கிருமியின் முழுப் பெயரில் இந்த எஷரிக்கின் பெயர்தான் இருக்கிறது.

வியன்னாவில் ஷிக்குக்கு வாய்த்த நண்பர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே. இவர் பிரபுக் குலத்தவர், கத்தோலிக்கர். குருவானவர் ஆகும் எண்ணத்துடன் இறையியலும் தத்துவமும் பயின்றுவிட்டுப் பின்னர் மருத்துவத்துக்கு வந்தவர். தானிய வியாபாரியின் மகனும் பிரபுவின் மகனும் ஒரே வார்டில், ஒரே குழந்தைகளின் படுக்கையருகே நின்று, இரவு பகலாகக் குறிப்பெடுத்தனர். குதிரை சீரம் ஊசி போட்ட குழந்தைகளில் சிலருக்கு, எட்டு அல்லது பத்து நாள் கழித்துக் காய்ச்சலும், உடலெங்கும் தடிப்பும், மூட்டு வலியும் வருவதை அவர்கள் கவனித்தனர். இரண்டாம் முறை அதே சீரம் ஏற்றினால், அத்தொல்லை அத்தனை நாள் காத்திராமல் விரைவிலேயே வந்துவிட்டது. குதிரையின் பொருளை அந்நியம் என்று அறிந்துகொண்ட குழந்தையின் உடலே இப்படிப் போராடுகிறது என்று அவர்கள் முடிவு கட்டினர். இதைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1905ஆம் ஆண்டு வெளிவந்தது. மறு ஆண்டு பிர்கே இதற்கு ஒரு பெயரும் சூட்டினார். இன்று நாம் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்கூடச் சொல்கிறோமே, அந்த ‘அலர்ஜி’ என்ற சொல் அவர் படைத்ததுதான்.

இப்போது ஷிக்கின் முன் இருந்த சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு வார்டில் முப்பது குழந்தைகள். ஒரு குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் கண்டுவிட்டது. மற்ற இருபத்தொன்பது பேரையும் என்ன செய்வது? எல்லாருக்கும் குதிரை சீரம் போட்டால், அதன் காப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நில்லாது. அதோடு சீரம் நோயும் வரலாம். பின்னொரு நாள் உண்மையிலேயே நோய் கண்டு சீரம் தேவைப்படும்போது உடல் அதை வேகமாக எதிர்க்கலாம். போடாமல் விட்டால், எந்தக் குழந்தையை இழப்போமோ தெரியாது. ஆனால் அந்த இருபத்தொன்பது பேரில் பலருக்கு இயற்கையாகவே எதிர்நஞ்சு இரத்தத்தில் உண்டு என்பது அப்போது தெரிந்திருந்தது. பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து அது கிடைக்கிறது. சில மாதங்களில் மறைந்துவிடுகிறது. வளர்ந்த பிள்ளைகளில் பலர், நோய் வராமலே கிருமியோடு பழகி அதைப் பெற்றுவிடுகிறார்கள். யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தம் எடுத்து ஒவ்வொன்றாகச் சோதிக்க அந்நாளில் கினிப்பன்றிகள் வேண்டும், நாட்கள் வேண்டும். நோயோ அவ்வளவு நாள் பொறுக்காது.

வழி காட்டியது நண்பரின் சோதனையே. பிர்கே 1907ஆம் ஆண்டு காசநோய்க்கு ஒரு தோல் சோதனையைக் கொண்டுவந்திருந்தார். குழந்தையின் முன்கையில் இரண்டு இடத்தில் டியூபர்குலின் என்னும் மருந்துச் சொட்டு வைத்து, அவ்விடத்தில் தோலை லேசாகக் கீறுவார். இரண்டு சொட்டுக்கும் நடுவே, மருந்தே இல்லாமல் இன்னொரு கீறலும் போடுவார்! முதலில் இதைப் படித்தபோது, மருந்தில்லாத கீறல் எதற்கு, குழந்தைக்கு வீண் வலிதானே என்று எனக்குத் தோன்றியது. கீறினால் யாருக்கும் தோல் கொஞ்சம் சிவக்கத்தான் செய்யும். அந்த வெறும் கீறலின் சிவப்பைப் பார்த்த பிறகுதான், மருந்துக் கீறலின் சிவப்பில் எவ்வளவு மருந்தால் வந்தது என்று சொல்ல முடியும். ‘இல்லை’ என்பது எப்படி இருக்கும் என்று அறியாமல் ‘உண்டு’ என்று சொல்ல இயலாது. விஞ்ஞானிகள் இதைக் ‘கன்ட்ரோல்’ என்பார்கள்.

ஷிக் இந்த வழியைத் தொண்டை அடைப்பானுக்குக் கொண்டுவந்தார். டிப்தீரியா நஞ்சை மிக மிகக் குறைத்து, அதில் பத்தில் ஒரு மில்லி லிட்டரை முன்கைத் தோலின் மேலடுக்குக்குள் ஊசியால் செலுத்தினார். குழந்தையின் இரத்தத்தில் போதிய எதிர்நஞ்சு இருந்தால், அது நஞ்சை முறித்துவிடும். தோலில் ஒன்றும் தெரியாது. இல்லாவிட்டால், ஒரு நாள் கழிந்தபின் அவ்விடம் சிவந்து, ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சற்றே தடித்து, நான்காம் நாள் வாக்கில் உச்சம் அடைந்து, பிறகு பழுப்பு நிறத் தழும்பாகி உரிந்துபோகும். முழு விவரத்தை அவர் 1913ஆம் ஆண்டு வெளியிட்டார். அன்று முதல் உலகம் இதை ‘ஷிக் சோதனை’ என்றே அழைத்தது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? எவ்வளவு நஞ்சு என்பதுதான் கடினமான கேள்வி. நான்கு நாளில் 250 கிராம் எடையுள்ள கினிப்பன்றியைக் கொல்லும் நஞ்சின் அளவைக் கணக்காக வைத்து, அதில் ஐம்பதில் ஒரு பங்கை ஷிக் எடுத்துக்கொண்டார். நஞ்சைக் கூட்டிப் போட்டிருந்தால், காப்பு உள்ள குழந்தைக்கும் தோல் சிவந்திருக்கும். குறைத்துப் போட்டிருந்தால், காப்பே இல்லாத குழந்தையின் தோலும் மௌனமாக இருந்திருக்கும். ஆக, நஞ்சின் அளவைத் தீர்மானிக்கும்போதே அவர் எல்லைக்கோட்டையும் தீர்மானித்துவிட்டார்.

கல்லூரிச் சேர்க்கைக்குக் கட்-ஆஃப் மதிப்பெண் என்று நம் வீடுகளில் ஆண்டுதோறும் பேச்சு நடக்கிறது. பரிசோதனைச் சாலையிலும் அதே சொல்தான் வழங்குகிறது. கல்லூரியின் கட்-ஆஃப் எத்தனை இடம் காலியாக உள்ளது என்பதைப் பொறுத்தது. ஷிக்கின் கட்-ஆஃபுக்கு அப்படி இடக் கணக்குக் கிடையாது. தோலில் ஒன்றும் தெரியாத குழந்தைகளின் இரத்தத்தில் உண்மையிலேயே எவ்வளவு எதிர்நஞ்சு இருக்கிறது என்று, ரோமர் என்பவர் கண்ட முறைப்படி கினிப்பன்றிகளின் தோலில் அளந்து பார்த்துத்தான் அதைக் கண்டார்கள். ஒரு மில்லி லிட்டர் இரத்த நீரில் ஒரு யூனிட்டின் முப்பதில் ஒரு பங்கு எதிர்நஞ்சு இருந்தால் தோல் சிவப்பதில்லை என்று தெரிந்தது. அதற்கு மேல் இருப்பவர் காப்பு உள்ளவர். கீழே இருப்பவர் ஆபத்தில் உள்ளவர்.

இந்தக் கோடு மிக உயரத்தில் வரையப்பட்டது என்று பின்னால் தெரிய வந்தது. இதைவிடக் குறைந்த எதிர்நஞ்சு உள்ளவர்கள் பலரும் நோயிலிருந்து தப்பினார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பக்கம் தவறியதே நல்லது என்பேன். காப்பு உள்ள குழந்தையை இல்லை என்று சொல்லிவிட்டால், அதற்கு வேண்டாத ஊசி ஒன்று விழும். வீட்டில் ஒரு மாலை நேர அழுகை, அவ்வளவே. காப்பு இல்லாத குழந்தையை உண்டு என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டுக்கு என்ன நேரும் என்பதை இளவரசி ஆலிசின் கதையே சொல்லும்.

சோதனை பல ஊர்களுக்குப் பரவியபோது ஒரு புதிய சிக்கல் தோன்றியது. சில பிள்ளைகளுக்கு, அதிலும் வயதில் மூத்தவர்களுக்கு, ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே கை சிவந்துவிட்டது. இவர்கள் எல்லாரும் ஆபத்தில் உள்ளவர்களா? இரத்தத்தைச் சோதித்தால் எதிர்நஞ்சு தாராளமாக இருந்தது! காரணம் இதுதான்: ஊசியில் இருப்பது நஞ்சு மட்டுமன்று. கிருமி வளர்ந்த சூப்பின் மிச்சமும், கிருமியின் உடலிலிருந்து வந்த புரதங்களும் அதில் கலந்திருந்தன. முன்பே கிருமியோடு பழகிய உடல் அந்தப் புரதத்தைக் கண்டு சினந்தது. ஷிக்கும் பிர்கேயும் குதிரை சீரத்தில் கண்ட அதே அலர்ஜி, அவருடைய சோதனைக்குள்ளேயே வந்து புகுந்து குழப்பியது. இதற்குப் பொய்ச் சிவப்பு என்று நாம் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இதைப் பிரித்தறியத்தான் இரண்டாவது ஊசி வந்தது. டிப்தீரியா நஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. சூடு பட்டால் அதன் வீரியம் அழிந்துவிடும். புரதங்களோ அவ்வளவு எளிதில் அழியா. ஆகவே அதே திரவத்தில் ஒரு பகுதியைச் சில நிமிடம் சூடாக்கி, நஞ்சைச் சாகடித்து, அதை மற்றக் கையில் செலுத்தினார்கள். ஒரு கையில் நஞ்சும் புரதமும்; மறு கையில் புரதம் மட்டும். இரண்டு கைகளுக்கும் வேறுபாடு ஒன்றே ஒன்று. எவ்வளவு நேர்த்தியான யோசனை என்று நான் வியந்து போனேன்.

இரு கைகளையும் சில நாட்கள் பார்த்தால் நான்கு விதமான பதில் கிடைக்கும். இரண்டிலும் ஒன்றும் இல்லையென்றால் குழந்தைக்குக் காப்பு உண்டு. நஞ்சு ஏற்றிய கை மட்டும் சிவந்து நின்றால் காப்பு இல்லை. இரு கைகளும் ஒன்றுபோல் விரைவாகச் சிவந்து, ஒன்றுபோல் மறைந்தால் அது பொய்ச் சிவப்பு, பயம் வேண்டாம். நான்காவதுதான் செவிலியரின் கண்ணுக்குச் சவால். முதலில் இரு கைகளும் சிவக்கும். மூன்று நான்கு நாளில் ஒப்பு நோக்கும் கையில் அது வாடிவிடும். நஞ்சுக் கையில் மட்டும் நிலைத்து நிற்கும். இக்குழந்தைக்குக் காப்பு இல்லை, புரத அலர்ஜியும் உண்டு. முதல் நாளே பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தவர்கள் இவ்விடத்தில்தான் ஏமாந்தார்கள்.

சிறு குழந்தைகளுக்குப் பொய்ச் சிவப்பு அரிது என்பதால், பல இடங்களில் அவர்களுக்கு இரண்டாவது ஊசியை விட்டுவிட்டார்கள். அழும் குழந்தையை இரு முறை குத்த யாருக்குத்தான் மனம் வரும்? அதைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எங்கே தேவை என்று கணக்குப் பார்த்தே விட்டார்கள். வேறொரு கவனம் மட்டும் எல்லா இடத்திலும் தேவைப்பட்டது. நீர் சேர்த்துக் குறைத்த நஞ்சு சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். நேற்றுக் கலந்து வைத்ததை இன்று போட்டால், எந்தக் குழந்தைக்கும் கை சிவக்காது. பள்ளி முழுவதும் காப்பு உள்ளதாக ஏட்டில் ஏறிவிடும். ஆகவே அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும் என்று விதி செய்தார்கள்.

இச்சோதனை மிகப் பெரிய அளவில் நடந்த இடம் நியூயார்க் நகரம். அந்நகரச் சுகாதாரத் துறையின் பரிசோதனைச் சாலையில் வில்லியம் பார்க், ஆபிரகாம் ஸிங்கர் என்ற இருவர் இதை மேற்கொண்டனர். பெற்றோரிடம் சம்மதச் சீட்டு வாங்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகச் சென்றனர். 1923ஆம் ஆண்டு ஸிங்கர் வெளியிட்ட கட்டுரையில், ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்த விவரம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளோடு, பங்குக் கோயில்களைச் சேர்ந்த பள்ளிகளும் அதில் அடக்கம். நம் பள்ளி போன்ற ஒன்றில், நம்மைப் போன்ற பெண்கள் வரிசையில் நின்று இரண்டு கைகளையும் நீட்டியிருப்பார்கள் என்று எண்ணும்போது அந்தக் கட்டுரையே உயிர் பெறுகிறது.

அந்தச் சோதனையில் யாரும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. நெருக்கடியான ஏழைகள் பகுதியில் வாழ்ந்த பிள்ளைகளில் காப்பு உள்ளவர்களே மிகுதி. வசதியான வீட்டுப் பிள்ளைகளில்தான் கை சிவந்தவர்கள் அதிகம்! நெருக்கடியில் வாழும் பிள்ளைகள் சிறு வயதிலேயே கிருமியைச் சிறிது சிறிதாகச் சந்தித்து எதிர்நஞ்சைப் பெற்றுவிட்டனர். இதைக் கேட்டு ஏழ்மையே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் காப்பைப் பெறும் வழியில் இறந்துபோன குழந்தைகள் சோதனை வரிசையில் வந்து நிற்கவில்லை. அவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அதே 1923ஆம் ஆண்டு ஷிக் வியன்னாவை விட்டு நியூயார்க்குக்கு வந்து, மவுண்ட் சினாய் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவின் தலைவரானார். 1925இல் காத்தரின் ஃப்ரீஸ் என்ற பெண்மணியை மணந்தார். தொண்டை அடைப்பான் ஒழிப்பு இயக்கம் அங்கே முழு வேகத்தில் நடந்தது. சோதனையில் கை சிவந்த பிள்ளைகளுக்கு மட்டும் தடுப்பூசி போட்டு வந்தார்கள். அக்காலத் தடுப்பூசி, நஞ்சையும் எதிர்நஞ்சையும் அளவாகக் கலந்த கலவை. அதைக் கண்டபடி எல்லாருக்கும் போட முடியாது. பெற்றோருக்கு ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்று கோடிக்கணக்கில் துண்டுப் பிரசுரங்களை வழங்கியது. ஷிக் வார்டுகளில் குழந்தைகளைப் பார்ப்பதோடு நில்லாமல், பெற்றோருக்காகக் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு நூலையும் சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து 1932இல் எழுதினார்.

இதற்கிடையே பிரான்சில் கஸ்தோன் ரமோன் என்பவர், ஃபார்மலினும் சூடும் கொண்டு நஞ்சின் கொடுமையை மட்டும் நீக்கி, காப்பு தரும் தன்மையை வைத்துக்கொள்ளும் வழியைக் கண்டிருந்தார். டாக்ஸாய்டு எனப்படும் அந்தத் தடுப்பு மருந்து பாதுகாப்பானது, மலிவானது. அது நிலைபெற்ற பின், யாருக்குத் தேவை என்று தேடிக் கொண்டிராமல் எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டுவிடுவதே எளிது என்றாயிற்று. தம் பெயர் தாங்கிய சோதனை மெல்ல மெல்லத் தேவையற்றுப் போவதை ஷிக் தம் வாழ்நாளிலேயே கண்டார். அது அவருக்கு வருத்தம் தந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. குழந்தைகளைக் காப்பதற்காகவே உண்டான சோதனை அன்றோ அது!

இன்று இரத்தத்தில் எதிர்நஞ்சை அளக்கக் குழந்தையின் கையும் வேண்டாம், கினிப்பன்றியும் வேண்டாம். ‘எலைசா’ என்னும் முறை 1971இல் வந்தது. சிறு சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் இரத்த நீரை இட்டு, நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று கருவி அளந்து சொல்லும். பல நோய்களுக்கு இம்முறையில் சோதனைப் பெட்டிகள் வருகின்றன. அவற்றிலும் ஷிக் காலத்து இரண்டாவது கை இருக்கிறது! தேடும் பொருள் நிச்சயமாக இல்லாதவர்களின் இரத்த நீரைச் சில குழிகளில் இடுகிறார்கள். அவற்றிலும் நிறம் முழுப் பூஜ்யமாக இருப்பதில்லை. லேசாக ஏறவே செய்கிறது. அந்த லேசான நிறத்துக்கு மேல் எவ்வளவு ஏறினால் ‘உண்டு’ என்பது?

இங்கே நம் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகம் கைகொடுக்கிறது. உதாரணமாக, ஐந்து ‘இல்லை’ குழிகளின் அளவு 5, 6, 7, 8, 9 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 7. திட்ட விலக்கம் 2இன் வர்க்க மூலம், அதாவது ஏறத்தாழ 1.4. சராசரியோடு திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் 11.2. அதற்கு மேல் வந்தால் ‘உண்டு’ என்று கொள்வது பலரும் பின்பற்றும் ஒரு வழி. சிலர் இரண்டு மடங்கோடு நிறுத்துவார்கள். அப்போது கோடு 9.8க்கு இறங்கும். கோட்டைத் தாழ்த்தினால் இல்லாதவரும் உள்ளே வருவர். உயர்த்தினால் உள்ளவரும் வெளியே நிற்பர். திட்ட விலக்கக் கணக்கைப் போடும்போதெல்லாம் இது எதற்குப் பயன்படும் என்று பெருமூச்சு விடும் தோழியர் சிலரை நான் அறிவேன். அவர்களுக்காகவே இதை எழுதினேன். ஐந்து குழி போதுமா என்றும் அவர்கள் கேட்கலாம். போதாது. பலதரப்பட்ட ‘இல்லை’ மனிதர்கள் எத்தனை பேரைப் பார்க்கிறோமோ, கோடு அவ்வளவுக்கு நம்பத் தக்கதாகும்.

தொண்டை அடைப்பானைப் பொறுத்தவரை, எலைசா மிகக் குறைந்த அளவுகளில் தடுமாறுகிறது என்று கண்டிருக்கிறார்கள். அதனால் ஒரு மில்லி லிட்டருக்கு 0.1 யூனிட்டுக்குக் கீழே விடை வந்தால், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களை நஞ்சிலிருந்து அந்த இரத்த நீர் காக்கிறதா என்று மீண்டும் சோதிக்கிறார்கள். முழுக் காப்புக்கு 0.1 யூனிட் என்றும், ஓரளவு காப்புக்குக் குறைந்தது 0.01 யூனிட் என்றும் இன்று கொள்ளப்படுகிறது. அந்த 0.01, ஷிக்கின் முப்பதில் ஒரு பங்கில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று.

நம் நாட்டில் குழந்தைக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடும் ஊசியிலும், பின்னர் ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போடும் முத்தடுப்பு ஊசியிலும், பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் டி.டி. ஊசியிலும் இந்நோய்க்கான காப்பு அடங்கியுள்ளது. நம் வகுப்பில் பலருக்குப் பதினாறாம் வயது ஊசி இனிமேல்தான் வரவிருக்கிறது. ஒரே கையில் ஒரே ஒரு ஊசி. நான்கு நாள் கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை.

நண்பர் பிர்கே 1929ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். ஷிக் முதுமையிலும் குழந்தைகளைப் பார்ப்பதை விடவில்லை. 1967ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில், நியூயார்க் நகரில் காலமானார்.